மணி அடித்ததாக எழுதியிருந்தது

என் நாத்தனாருக்கு வீட்டில் 'அவசரம்' என்று பெயர். குறித்த தேதிக்கு மூன்று வாரம் முந்திப் பிறந்தவள். மாடிப்படியை ஒவ்வொன்றாக இறங்கியவள் இல்லை. பேச ஆரம்பித்தால் நடுவில் நாம் ஒரு 'ம்' போடக்கூட இடம் தரமாட்டாள். பட்டப்பெயரை வைத்தது அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். ஆசையாக வைத்த பெயர்தான். அது ஒருநாள் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

அவள் வேலை பார்த்தது பெரிய லாண்டரி கம்பெனி. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் பெட்ஷீட்டுகள் வேன் வேனாக வந்து இறங்கும். அதில் ஒரு வேனுக்கு என் வீட்டுக்காரர்தான் டிரைவர். தங்கைக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். துவைத்துப் பிழிந்த பெட்ஷீட்டை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, கொதிக்கிற ரோலருக்குள் விட வேண்டும். மறுபக்கம் அது மொடமொடவென்று இஸ்திரி ஆகி வெளியே வரும். ரோலருக்கு முன்னால் இருக்கும் பலகையில் ஒரு மஞ்சள் கோடு. கை அந்தக் கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கும். மணி கேட்டதும் காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால் ரோலர் நின்றுவிடும். "யோசிக்கவே வேணாம் அண்ணி, சத்தம் கேட்டா கால் தானா மிதிச்சிடும்" என்று சமையலறையில் என் முன்னால் நடித்துக்கூடக் காட்டியிருக்கிறாள்.

அன்றைக்கு மணி அடிக்கவில்லை. ஓரம் மடங்கிய பெட்ஷீட்டை நீவிவிடப் போன கை, துணியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. எதிர் முனையைப் பிடித்திருந்த பெண் அலறிக்கொண்டே ஓடிவந்து பெடலை மிதித்தாள். அதற்குள் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி போயிருந்தன. உள்ளங்கை முழுக்க வெந்திருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் இரண்டே வார்த்தை பேசினாள். "தண்ணி குடுங்க." அவ்வளவுதான். எனக்கு அதுதான் அவள் கையைவிடப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் கம்பெனி குமாஸ்தா வந்து, நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். தலைமை அலுவலகத்தில் நம் பாஷை தெரிந்தவர்கள் கிடையாது என்பதால் எல்லாம் இங்கிலீஷில்தான் போகும். எழுதியதை யாரும் இவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. மறுநாள் அதை டைப் அடித்துக் கொண்டுவந்து, வலது கையில் கட்டு இருக்கிறதே என்று இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவளிடம் கைநாட்டு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பத்தொன்பதாவது நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நான் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறவள். அன்று சாயங்காலம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக, அதாவது செய்வினையைச் செயப்பாட்டுவினையாக, மாற்று என்ற கேள்வி. இங்கிலீஷில் சில வினைச்சொற்களுக்கு வால் உண்டு. 'லுக்' என்றால் பார்ப்பது. அதற்கு 'ஆஃப்டர்' என்று வால் முளைத்தால் பராமரிப்பது. 'இன்டு' என்று முளைத்தால் விசாரிப்பது. வாக்கியத்தைத் திருப்பிப் போடச் சொன்னால் பிள்ளைகள் வாலை வழியிலேயே தொலைத்துவிடும். 'குழந்தையை அத்தை பார்த்துக்கொண்டாள்' என்பது, அத்தை ஏதோ குழந்தையை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததுபோல் ஆகிவிடும். "வாலை விட்டுட்டு மாட்டை மட்டும் ஓட்டிட்டு வந்திருக்கீங்களே" என்று சொல்வேன். வகுப்பே சிரிக்கும். மறுபடியும் தொலைக்கும்.

அந்தத் தாள்களை நகர்த்திவிட்டுத்தான் கடிதத்தைப் பிரித்தேன். ஒரு வால்கூட விட்டுப்போகவில்லை. 'தி மேட்டர் ஹாஸ் பீன் லுக்ட் இன்டு.' விஷயம் தீர விசாரிக்கப்பட்டுவிட்டது. விசாரித்தது யார்? இல்லை. 'பாதுகாப்பு விதிகள் பின்பற்றப்படவில்லை.' பின்பற்றாதது யார்? அதுவும் இல்லை. கடைசி வரியில்தான் ஆள் வந்தாள். இவள் வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறாள். என்னமோ இவளைக் கூண்டுக்குள் அடைத்து வைத்திருந்ததுபோலவும், கதவைத் திறந்து பறக்க விடுவதுபோலவும். பிழை என்று வட்டம் போட அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்து இல்லை. எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

கூடவே அவள் கைநாட்டு வைத்த வாக்குமூலத்தின் நகல் இருந்தது. நாலாவது வரி: 'தி அலாரம் வென்ட் ஆஃப்.'

படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆஃப் என்றால் நமக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். விளக்கு ஆஃப், ஃபேன் ஆஃப், கதை முடிந்தது. ஆனால் அலாரம் 'வென்ட் ஆஃப்' என்று எழுதினால் இங்கிலீஷில் அது நேர்மாறு. மணி அலறியது என்று அர்த்தம். மணி அணைக்கப்பட்டிருந்தது என்று சொல்ல வேண்டுமானால் 'ஹாட் பீன் டர்ன்ட் ஆஃப்' என்று எழுத வேண்டும். வால் ஒன்றுதான், முன்னால் நிற்கும் வினை வேறு. அந்த ஒரு மாற்றத்தில், மணி அடித்தும் காதில் போட்டுக்கொள்ளாமல் கையை உள்ளே விட்டவள் என்று என் நாத்தனாரே ஒப்புக்கொண்டு ரேகை வைத்ததாக ஆகிவிட்டது.

அவள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் குமாஸ்தாகிட்ட மணியைப் பத்தி என்ன சொன்னே?"

"ஆஃப்ல இருந்துச்சுன்னு சொன்னேன் அண்ணி. ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்கன்னு. எழுதியிருக்காருல்ல? ஆஃப்னு எழுதினதை நானே பார்த்தேனே."

நான் விளக்கினேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "மணி அடிச்சுதுன்னு நானா சொன்னேன்?" என்றாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். "நானா சொன்னேன்? நானா?"

"சரி, யாரு ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்க?"

"அவங்கதான்."

"எவங்க?"

"அவங்கதான் அண்ணி. ஆஃபீஸ்ல."

"ஒருத்தரா, பத்துப் பேரா?"

அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இங்கிலீஷ்காரனை மட்டும் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. 'பண்ணாங்க' என்கிறோம். பத்துப் பேர் செய்தாலும் அதுதான், நாம் பயந்து மரியாதை கொடுக்கிற ஒரே ஆள் செய்தாலும் அதுதான். ஆளை ஒளித்து வைக்க நம்மிடமும் இடம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். கேட்டுவிட்டு வேன் சாவியை மேஜையில் வைத்தார். "ஒரு வார்த்தைக்காகக் கம்பெனியோட மோதணுமா?"

"ஏங்க, போனது உங்க தங்கச்சி விரல்."

"தெரியும். நான்தான் தூக்கிட்டு ஓடினேன். இப்ப என் வேலையும் போகணுமா? யாரோ குமாஸ்தா இங்கிலீஷ் தெரியாம எழுதிட்டாரு. விடு."

"இந்தக் கடிதத்துல ஒரு தப்புகூட இல்லாம எழுதத் தெரிஞ்ச கம்பெனிக்கு அந்த ஒரு வரியில மட்டும் இங்கிலீஷ் மறந்துபோச்சா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தமே வரவில்லை. அந்த மனுஷன் உள்ளே சும்மா நின்றுகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு லாண்டரிக்குப் போனேன். மேனேஜர் அறைக்குச் சுவருக்குப் பதில் கண்ணாடி. வெளியே ரோலர்கள் வரிசையாக ஓடுவதும், பெண்கள் குனிந்து நிமிர்வதும் தெரியும், சத்தம் மட்டும் வராது. மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டார். மரியாதைக்குக் குறைவே இல்லை.

"டீச்சர், எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா அவங்க சொன்னதைத்தான் எழுதினோம். ஆஃப்னு சொன்னாங்க, ஆஃப்னு போட்டோம்."

"அவ சொன்னது ஒண்ணு, நீங்க போட்டது ஒண்ணு. 'வென்ட் ஆஃப்'னா மணி அடிச்சுதுன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சிரித்தார். "இது கிராமர் கிளாஸ் இல்லீங்க. வாங்க, மணியை நேர்லயே காட்டறேன்."

என்னை வெளியே அழைத்துப் போய், அவள் நின்ற அதே ரோலருக்கு முன்னால் நிறுத்தினார். அங்கே புதிதாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மேனேஜர் தன் கையை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டினார். மணி காதைப் பிளந்தது.

"பாத்தீங்களா? நல்லா அடிக்குது."

சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தியும் நிமிரவில்லை. அத்தனை பேரும் பெட்ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தைத் துடைத்த கையோடு மணியையும் போட்டுவிட்டிருக்கிறார்கள். இப்போது அதை அடித்து எனக்கே வேடிக்கை காட்டுகிறார். "இப்ப அடிக்குது சார்" என்றேன். "இப்பத்தான் அடிக்குது."

பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது குமாஸ்தா வேகவேகமாக வந்தார். கையில் சாப்பாட்டுப் பை, நெற்றியில் வேர்வை. என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் முதல்ல எழுதினது வேற டீச்சர். 'ஹாட் பீன் டர்ன்ட் ஆஃப்'னுதான் எழுதினேன். மேனேஜர் படிச்சுட்டு, இப்படிப் போட்டா யாரு ஆஃப் பண்ணான்னு அடுத்த கேள்வி வரும்யா, 'வென்ட் ஆஃப்'னு மாத்துன்னாரு. அவ சொன்ன ஆஃப் அதுலயும் இருக்கேன்னாரு."

"நீங்களும் மாத்திட்டீங்க."

"மாத்திட்டேன்."

"விசாரணை வெச்சா இதை வந்து சொல்லுவீங்களா?"

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க டீச்சர்."

"என் நாத்தனாருக்கு எட்டு விரல்" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். ஆத்திரத்தில் பக்கம் பக்கமாக வந்ததே ஒழிய விஷயம் வரவில்லை. ஐந்தாவது தாளில் எட்டே வரி. அவள் ரோலர் முன்னால் நின்றாள், மணி அடிக்கவில்லை, ரோலர் கையை இழுத்தது, குமாஸ்தா எழுதினார், அவள் சொன்னது இது, அவர் எழுதியது இது, இரண்டுக்கும் வித்தியாசம் இது, நீங்களே வந்து அவளைக் கேளுங்கள். ஒரு வரிகூடப் பாசிவில் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். அதாவது ஒரு அம்மாள் வந்தார். தலைமயிரைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு. விசாரணை மேனேஜரின் கண்ணாடி அறையில்தான். அந்த அம்மாளுக்கு நம் பாஷை தெரியாததால் மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். யாரைப் போட்டார்கள் தெரியுமா? அதே குமாஸ்தாவை. நான் எழுந்து ஆட்சேபித்தேன். "குடும்பத்தார் உட்கார்ந்து கேட்கலாம், பேசக் கூடாது" என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் சொன்னார். உட்கார்ந்தேன். நாக்கை நான் கடித்துக்கொண்டிருந்த கடியில் அது துண்டாகாமல் இருந்தது அதிசயம்.

முதலில் மேனேஜர் பேசினார். நல்ல பெண்தான், ஆனால் எதிலும் பதற்றம், நிதானம் கிடையாது என்றார். "இவங்க வீட்லயே இவங்களுக்கு 'அவசரம்'னுதான் பேரு. இவங்க அண்ணனே என்கிட்ட சொல்லியிருக்காரு." குமாஸ்தா அதை மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் எழுதிக்கொண்டார்.

கதவருகே ஒரு நாற்காலி நகர்ந்தது. என் வீட்டுக்காரர் யூனிஃபார்மோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். வருவதாக அவர் சொல்லவே இல்லை.

"நான் வெச்ச பேரு சார் அது" என்றார். "என் தங்கச்சியை வீட்ல கொஞ்சிக் கூப்பிட வெச்சது. உங்க ஃபைல்ல எழுதறதுக்கு வெக்கல."

"உட்காருப்பா, உன்னை யாரும் கேக்கல" என்றார் மேனேஜர்.

"கேக்கலைன்னுதான் சொல்றேன்" என்றார் இவர். உட்காரவில்லை. கடைசி வரைக்கும் நின்றுகொண்டேதான் இருந்தார்.

அந்த அம்மாள் என் நாத்தனாரைப் பார்த்துக் கேட்டார். குமாஸ்தா தமிழில் சொன்னார். "அன்னிக்கு மணி அடிச்சுதா?"

"அடிக்கலை. அன்னிக்கு மட்டும் இல்ல, மூணு வாரமா அடிக்கலை. ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்க."

குமாஸ்தா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். 'இட் ஹாட் பீன் டர்ன்ட் ஆஃப்.' சரியான மொழிபெயர்ப்பு. மேனேஜர் நாற்காலியில் அசைந்தார்.

அந்த அம்மாள் பேனாவை நிறுத்தினார். இரண்டே வார்த்தை கேட்டார். 'பை ஹூம்?'

"யாரு ஆஃப் பண்ணாங்க?" என்று குமாஸ்தா கேட்டார்.

என் நாத்தனார் தன் கட்டைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். 'அவங்க' என்று மறுபடியும் சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேஜைக்கு அந்தப் பக்கம் நீட்டினாள்.

"இவரு. இவரு சொல்லித்தான் மெக்கானிக் ஒயரைக் கழட்டினாரு. நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன். துணி ஓரம் சுருண்டு எழும்பினாக்கூட மணி அடிக்குது, நீங்க மிதிச்சு மிதிச்சு ரோலரை நிறுத்தறீங்க, துணி தேங்குது, கருகுதுன்னு சொன்னாரு. மணி இல்லாம பயமா இருக்கு சார்னு நான் சொன்னேன். கையைப் பாத்து வேலை செய்யின்னாரு. பாத்துத்தான் சார் செஞ்சேன்."

அந்த அம்மாள் குமாஸ்தாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் சொன்னதில் எங்கே ஒரு சொல்லை அவர் விழுங்கினாலும் விதியை மீறி மேஜையைத் தட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். குமாஸ்தா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். 'பை தி மேனேஜர்' என்பது தெளிவாகக் கேட்டது. ஒயர், துணி, பயம், பதில், எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றும் விடவில்லை.

"பொய்" என்றார் மேனேஜர்.

அந்த அம்மாள் வாக்குமூலத் தாளை எடுத்து நாலாவது வரியில் விரலை வைத்தார். "இதை எழுதியது யார்?"

"நான்தான்" என்றார் குமாஸ்தா.

"இதற்கும் இப்போது நீங்கள் சொன்னதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பெட்ஷீட்டை உதறுவது சத்தமில்லாமல் தெரிந்தது.

"தெரியும்" என்றார்.

எதிர் முனையைப் பிடித்திருந்த பெண்ணையும் மெக்கானிக்கையும் அன்றே கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்களுக்கும் வாய் வந்துவிடுகிறது. இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. என் நாத்தனாருக்கு மறுபடியும் வேலை. ரோலரில் இல்லை, மடித்து அடுக்குகிற பிரிவில். வாக்குமூலம் ரத்து. குமாஸ்தாவுக்கு எச்சரிக்கை. மேனேஜரைப் பற்றி ஒரே வரி: வேறு ஊர்க் கிளைக்கு மாற்றப்பட்டிருக்கிறார். கடைசியில், 'சில தவறுகள் நேர்ந்திருப்பது வருந்தத்தக்கது' என்று முடித்திருந்தார்கள். நேர்ந்ததாம். மழை பெய்வதுபோல, தவறுகள் தாமாக வந்து நேர்ந்தனவாம். வருந்துகிறவர் யார் என்றும் இல்லை, யாரிடம் வருந்துகிறார் என்றும் இல்லை. ஒரு பெண்ணைப் பார்த்து 'எங்களை மன்னித்துவிடு' என்று சொல்ல அத்தனை பெரிய கம்பெனியில் ஒரு வாய் கிடைக்கவில்லை. நான் கடிதத்தை மேஜையில் அடித்தேன். என் வீட்டுக்காரர், "வேலை திரும்பக் கிடைச்சுதே, அதைப் பாரு" என்று சொல்ல ஆரம்பித்து, தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் கடிதத்தை இடது கையால் எடுத்து மேனேஜர் வரியை மட்டும் மறுபடி என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"அப்ப அந்த ஆளு இன்னிக்கும் எங்கேயோ மேனேஜரா உக்காந்திருக்கான்" என்றாள். அவள் அந்த மனிதரை 'ன்' போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அங்கயும் ரோலர் இருக்குமில்ல அண்ணி? அங்கயும் நாலு பொண்ணுங்க நிப்பாங்கல்ல? அவங்க மணியை யாரு பாத்துக்கறது?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"பேப்பர் எடுங்க" என்றாள். "இந்த வாட்டி நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. அந்த ஊருல மணி அடிக்குதான்னு போய்ப் பாத்தீங்களான்னு கேளுங்க. பாத்தது யாருன்னு பேர் போட்டு எழுதச் சொல்லுங்க."

எழுதினேன். அவள் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள், ரேகை இல்லை. அடுத்த திங்கட்கிழமையே அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். கடிதம் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. பதில் வரவில்லை. நேற்று இரண்டாவது கடிதம் போட்டோம்.